திருக்கடையூர்ப் பகுதியின் பருவங்களும் நெற்பயிரின் நாட்கணக்கும்

காவேரிப் பாசனத்தின் கடைமடையில் பயிரிடும் குடியானவருக்கு நீர் இரண்டு வழியாகக் கிடைக்கின்றது. ஆனி, ஆடி மாதங்களில் குடகு மலையில் பெய்யும் மழை ஆற்றின் வழியாக மேற்கேயிருந்து வருகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலிலிருந்து எழும் மேகங்கள் கிழக்கேயிருந்து வந்து நேரே வயலில் பொழிகின்றன. முதல் நீர் தாமதித்தால் விதைப்புக் காலம் தவறுகின்றது. இரண்டாவது நீர் மிகுந்தால் பயிர் அழுகுகின்றது. குறைந்தால் கதிர் சாவியாகின்றது. இவ்விரண்டு நீருக்கும் இடையே விதைக்கும் நாளையும் ரகத்தின் வயதையும் பொருத்திக்கொள்வதே இப்பகுதி விவசாயத்தின் தலையாய வேலையாகும். மயிலாடுதுறை ஜில்லா, தரங்கம்பாடி தாலூக்காவிலுள்ள திருக்கடையூரையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, பருவங்களின் போக்கும் அவற்றுக்கேற்ற பயிர்முறையும் கீழே விளக்கப்படுகின்றன.

நிலமும் நீரும்

அபிராமியம்மை ஆலயத்தால் நாடறிந்த திருக்கடையூர், கடலுக்குச் சில கல் தொலைவில் சமதரையில் அமைந்த ஊர். காவேரியின் கிளைகளாகிய வீரசோழனாறு, மஞ்சளாறு, மகிமலையாறு முதலியவை இத்தாலூக்காவில் பாய்ந்து கடல் சேர்கின்றன. நிலம் பெரும்பாலும் களிப்பு. கடலை நெருங்க நெருங்க மணலும் உவரும் கலந்தது. தரைமட்டம் கடல்மட்டத்திற்குச் சிறிதளவே உயர்ந்திருப்பதால் நீர் வந்து சேர்வதும் மெதுவாகவே நடைபெறுகின்றது. வடிவதும் மெதுவாகவே நடைபெறுகின்றது. இப்பகுதியின் எல்லாக் கஷ்டங்களுக்கும் இதுவே மூலமாகும்.

ஆண்டுக்கு ஏறக்குறைய 130 சென்டிமீட்டர் மழை பெறும் இந்நிலத்தை வறண்ட நாடென்று எவரும் சொல்லார். கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சமவெளியில் ஆண்டு மழை 70 சென்டிமீட்டருக்கு உட்பட்டதே. ஆயினும் இங்கே பெய்யும் மழையில் மூன்றில் இரண்டு பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் பெய்துவிடுகின்றது. எஞ்சிய ஒன்பது மாதங்களில் வெயிலும் காற்றும் உறிஞ்சும் ஈரம், வானம் தரும் ஈரத்தைவிட மிகுதி. ஆகவே, மூன்று மாதம் வெள்ளக்காடாகவும் ஒன்பது மாதம் புன்செய்ச் சீமையைப்போல நீர் வேட்கை உடையதாகவும் உள்ள நிலம் இது. ஆற்றுநீர் இல்லையாயின் இங்கே குறுவை என்ற சொல்லே வழங்கியிராது.

இரண்டு பருவக்காற்றுகள்

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளக் கரையை அடைகின்றது. அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் அக்காற்று மேற்கு மலைத்தொடரில் மோதி, மேலே எழும்பிக் குளிர்ந்து, மலையின் மேற்குச் சரிவிலும் குடகிலும் கனமழையாகப் பொழிகின்றது. மலையைக் கடந்து கீழ்நோக்கி இறங்கும்போது அதே காற்று வெப்பமடைந்து உலர்ந்துவிடுகின்றது. எனவே குடகில் காவேரி பெருகும் அதே நாட்களில் தஞ்சைச் சமவெளியில் புழுதி பறக்கும் மேல்காற்றே வீசுகின்றது. ஜூன் முதல் செப்டெம்பர் முடிய இக்கடற்கரைக்குக் கிடைப்பது 25 முதல் 30 சென்டிமீட்டர் வரையே. அதுவும் பகல் வெப்பத்தால் எழும் மேகங்கள் மாலையிலும் இரவிலும் இடியுடன் பெய்வதாகும். ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரில் பெய்யாதிருப்பது இதன் இயல்பு.

அக்டோபர் நடுவில் வட இந்தியா குளிரத் தொடங்கவே காற்றின் திசை மாறுகின்றது. வடகிழக்கிலிருந்து வீசும் வாடை, வங்கக் கடலைக் கடந்து வரும்போது ஈரம் பெற்று இக்கரையில் மழையாகின்றது. தமிழ்நாட்டுக் கரையில் இப்பருவம் தொடங்குவதற்குச் சராசரி நாள் அக்டோபர் 20 ஆகும். இம்மழை நாள்தோறும் சீராகப் பெய்வதன்று. கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டாகும்போது நாலைந்து நாள் அடைமழையாகவும், பின்பு பத்து நாள் வெயிலாகவும் மாறி மாறி வரும். ஒரு பருவத்தின் மொத்த மழை, இரண்டு அல்லது மூன்று தாழ்வுகள் இக்கரைக்கு வருவதையும் வராமற் போவதையும் பொறுத்ததாகும்.

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்திற்கு மேல் வெப்பமடைவதை எல் நினோ என்று வானிலை நிபுணர் குறிப்பிடுகின்றனர். அவ்வாண்டுகளில் தென்மேற்குப் பருவம் குறைந்து வடகிழக்குப் பருவம் மிகுவது பெரும்பாலும் காணப்படுகின்றது. 2015ஆம் ஆண்டு இதற்குச் சான்று. எதிர்மாறான லா நினா ஆண்டுகளில் வடகிழக்கு மழை குறைவது வழக்கமாயினும், 2021ஆம் ஆண்டு லா நினா நிலவியபோதே தமிழ்நாட்டில் மழை மிகுந்தது. ஆகையால் இதனை ஒரு குறிப்பாகக் கொள்ளலாமேயன்றி விதியாகக் கொள்ளலாகாது.

ஆறு பெரும்பொழுதுகளில் வயலின் நிலை

தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளை இப்பகுதியின் வேலைமுறையோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையது.

இளவேனில் (சித்திரை, வைகாசி): மே மாதக் கத்திரி வெயில் இப்பொழுதில் அடங்கும். நண்பகலுக்குப் பின் எழும் கடற்காற்று உள்நாட்டைவிட இங்கே வெப்பத்தைச் சற்றுத் தணிக்கின்றது. கோடை மழை கிடைத்தவுடன் உழுதுவிடுவது நலம். புழுதி காய்வதால் களைக் கிழங்குகளும் புழுக்கூடுகளும் அழிகின்றன. ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தூர் எடுப்பதற்குரிய காலமும் இதுவே.

முதுவேனில் (ஆனி, ஆடி): மேல்காற்று வலுப்பதால் கடற்காற்றின் வரவு தாமதிக்கும், சில ஆண்டுகளில் ஆனி வெயில் சித்திரை வெயிலுக்குக் குறைவதில்லை. மேட்டூர் நீர் வந்தால் குறுவை நாற்றுவிடும் காலம். குறுவை இடாத வயலில் தக்கைப்பூண்டு விதைத்து, சம்பா நடவுக்கு முன் மடக்கி உழுதால் உவர் தணிந்து மண் இளகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி நீண்ட வயதுள்ள சம்பாவுக்கு இன்றும் பொருந்துவதாகும்.

கார் (ஆவணி, புரட்டாசி): மாலைநேர இடிமழை பெய்யும். குறுவை கதிர்விட்டு முற்றும்; சம்பா நாற்றும் நடவும் நடைபெறும். வடிகால்களைப் பார்வையிடுவதற்கு இதுவே கடைசிக் காலம்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): பெருமழையும் புயலும் வரும் பொழுது. மயிலாடுதுறையில் துலாமுழுக்கு நடைபெறும் ஐப்பசி மாதத்தில் ஆறும் வானமும் ஒருங்கே நிறைகின்றன. இப்பொழுதில் வயலுக்கு நீர் பாய்ச்சும் கவலையைக் காட்டிலும் வடிக்கும் கவலையே பெரிது. மேகமூட்டம் தொடர்ந்தால் ஆனைக்கொம்பன் ஈ பெருகித் தூர்களைக் கெடுக்கும்.

முன்பனி (மார்கழி, தை): மழை தணிந்து பனி இறங்கும். பகல் வெப்பம் 28 டிகிரி அளவிலும் இரவு வெப்பம் 22 டிகிரி அளவிலும் நிற்கும். சம்பா கதிர்விட்டுப் பால்பிடித்து முற்றுவது இப்போதே. குளிர்ந்த இரவும் இலையில் தங்கும் பனியும் குலைநோய்க்கு இடம் தருவதால், தழைச்சத்தை மிகுதியாக இடுவது தவறாகும். தை அமாவாசையன்று அம்மன் சந்நிதியில் கூடும் சுற்றுவட்டக் குடியானவருக்கு அறுவடை அண்மையில் இருப்பது வழக்கம்.

பின்பனி (மாசி, பங்குனி): அறுவடைக்குப்பின் உளுந்தும் பயறும் வளரும் பொழுது. நெல் அறுப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்னர், நிலம் மெழுகுபதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை தூவினால், எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே பயிர் முற்றிவிடும். ஆடுதுறை 3 உளுந்து இதற்கேற்ற ரகம்.

மேட்டூர் நீரின் வரவு

1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கமான ஏற்பாடு. ஆனால் வழக்கம் ஒன்று, நடப்பு ஒன்றாக இருப்பதைக் கடந்த ஆண்டுகள் காட்டுகின்றன. 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டிலேனும் ஜூன் 12இல் அணை திறக்கப்படவில்லை. 2016இல் செப்டெம்பர் 20ஆம் தேதியும், 2017இல் அக்டோபர் 2ஆம் தேதியும் திறக்கப்பட்டது. 2022இல் அதற்கு மாறாக மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டது. 2023இல் குறித்த நாளில் திறந்தும் நீர் பற்றாமையால் அக்டோபரில் மூட நேர்ந்தது. 2024இல் ஜூலை 28ஆம் தேதி திறக்கப்பட்டது. குடகு மழையின் பெருக்கால் அதற்குச் சில நாட்களிலேயே அணை நிரம்பியது. 2025இல் மீண்டும் ஜூன் 12ஆம் தேதி நீர் விடப்பட்டது.

2018 பிப்ரவரி 16ஆம் தேதிய உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி கர்நாடகம் ஆண்டுதோறும் 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் விடுதல் வேண்டும். எனினும் அந்நீர் எந்த வாரத்தில் வந்து சேர்கின்றது என்பதே கடைமடையின் கேள்வியாகும். மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை அடைய மூன்று நான்கு நாளும், அங்கிருந்து முறைவைத்துக் கடைமடையை எட்ட மேலும் பல நாளும் ஆகின்றன. எனவே திறப்பு நாளை விதைப்பு நாளாக எண்ணுதல் தவறு.

நாட்கணக்கு

நெற்பயிர் எந்த வயதுடையதாயினும், பூத்த நாள் தொட்டு ஏறக்குறைய 30 நாளில் அறுவடைக்கு வரும். வயதின் ஏற்றக்குறைவு பூப்பதற்கு முந்திய வளர்ச்சியிலேயே உள்ளது. பூக்கும் நாட்களில் விடாமழை பெய்தால் மகரந்தம் கழுவப்பட்டு மணி பிடிக்காது. அறுவடை நாளில் பெய்தால் கதிர் சாய்ந்து முளைக்கும். இவ்விரண்டு நாட்களும் பெருமழைக்கு வெளியே விழுமாறு விதைப்பதே நாட்கணக்கின் சாரம்.

ஒரே கிராமத்தில் அடுத்தடுத்துள்ள வயல்களை எடுத்துக்கொள்க. ஆடி முடிவில், அதாவது ஆகஸ்ட் 15ஆம் தேதி, ஒருவர் சி.ஆர். 1009 போன்ற 160 நாள் ரகத்தை விதைக்கிறார். அது டிசம்பர் 23ஆம் தேதியளவில் பூத்து, ஜனவரி 22இல் அறுவடைக்கு வரும். பெருமழை தொடங்கும் அக்டோபர் 20ஆம் தேதி பயிருக்கு வயது 66 நாள்; நீரைத் தாங்கத்தக்க உயரமும் வேரும் உண்டாகியிருக்கும். அதே நாளில் அடுத்த வயற்காரர் 135 நாள் ரகத்தை விதைத்தால் அது நவம்பர் 28இல் பூத்து, டிசம்பர் 28இல் முற்றும். பூக்கும் நாள் கார்த்திகையின் அடைமழைக்குள் அகப்பட்டுக்கொள்கின்றது. ஆகஸ்டில் சீக்கிரம் அறுக்கலாம் என்று குறுகிய வயது ரகத்தை நாடுவது இவ்வாறு நஷ்டத்தில் முடியும்.

நீர் தாமதித்து ஆவணி முடிவில், செப்டெம்பர் 15ஆம் தேதி விதைக்க நேர்ந்தால் கணக்கு தலைகீழாகும். அப்போது 135 நாள் ரகம் டிசம்பர் 29இல் பூத்து ஜனவரி 28இல் அறுவடையாகும், இதுவே தக்கது. பழகிய ரகம் என்பதற்காக 160 நாள் ரகத்தையே விதைப்பவரின் பயிர் ஜனவரி 23இல்தான் பூக்கும். பிப்ரவரி 22இல்தான் முற்றும். மேட்டூர் அணை ஜனவரி 28இல் மூடப்பட்டால், பால்பிடிக்கும் மாதம் முழுவதும் அப்பயிருக்கு நீர் இல்லை. கடற்கரையில் கிணற்றுநீரும் உவராயிருப்பின் வேறு கதியும் இல்லை. கூலியும் உரமும் குறையாமற் செலவிட்டும், சாவி நெல்லைத் தூற்ற வேண்டியதாகும்.

குறுவைக்கும் இக்கணக்குப் பொருந்தும். ஜூன் 15இல் விதைத்த 110 நாள் பயிர் அக்டோபர் 3இல் முற்றும். மழைக்கு முன் அறுத்துவிடலாம். ஜூலை 10இல் விதைத்தால் அறுவடை அக்டோபர் 28இல் விழுந்து, களத்து நெல் நனைய நேரிடும். ஆகவே ஜூன் மாதத்திற்குள் நாற்றுவிட இயலாத கடைமடை வயலில் குறுவையை விட்டுச் சம்பா ஒருபோகமாகச் செய்வதே விவேகம். மேலே குறித்த வயது நாற்றங்காலில் விதைவிட்ட நாள் முதற்கொண்டு எண்ணப்படுவது என்பது நினைவில் இருத்தல் வேண்டும்.

வெள்ளமும் வடிகாலும்

இக்கடற்கரை புயலுக்கு இலக்கானது. 1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்திற்கு அருகில் கரை கடந்த புயல் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டது. 2008 நவம்பரில் காரைக்காலுக்கருகே வந்த நிஷாப் புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. 2018 நவம்பர் 16ஆம் தேதிய கஜாப் புயல் தெற்கே தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2022 நவம்பர் 11, 12ஆம் தேதிகளில் புயல் எதுவும் இன்றியே சீர்காழியில் ஒரு நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்து, சீர்காழி, தரங்கம்பாடி ஆகிய இரு தாலூக்காக்களிலும் சம்பா வயல்கள் மூழ்கின.

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏறக்குறைய 40,000 லிட்டர் நீராகும். 44 சென்டிமீட்டர் பெய்தால் ஒவ்வோர் ஏக்கரின்மேலும் சுமார் 17 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நீர் நிற்கும். அது வடிவதற்கு ஒரே வழி கடலை நோக்கிய வடிகாலே. அங்கே நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தால், அல்லது முகத்துவாரத்தில் மணல்மேடு இட்டிருந்தால், நீர் பத்து நாளானாலும் நகராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்மட்டமே உயர்வதால் வடிதல் மேலும் தாமதிக்கும். ஒருவர் தம் வயல் ஓரத்து வாய்க்காலைத் தூர்த்துப் பயிர்செய்தால் அவருக்குச் சில சென்ட் நிலம் லாபம். மேலேயுள்ள நூறு ஏக்கருக்கு ஒரு போகம் நஷ்டம். ஊர்ப் பொதுவில் வாய்க்கால் மராமத்துச் செய்யும் குடிமராமத்து வழக்கம் முன்னோரால் ஏற்படுத்தப்பட்டது இக்காரணம் பற்றியே.

மூழ்கிய பயிர் மூச்சின்றித் தவிக்கும். இளம்பயிராயின் சாதாரண ரகங்கள் ஒரு வாரத்திற்குமேல் தாங்கா. சி.ஆர். 1009 சப் 1, சுவர்ணா சப் 1 ஆகிய ரகங்கள் இருவாரம் வரை மூழ்கியிருந்தும் மீண்டு துளிர்க்கும் திறமுடையவை. தாழ்ந்த வயலுக்கு இவற்றைத் தேர்ந்தெடுத்தல் நலம். நீர் வடிந்தவுடன் உரமிடுதல் தவறு. வேர் மூச்சுவிடச் சில நாள் கொடுத்து, புதுத்துளிர் கண்டபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுதல் வேண்டும்.

கடல்நீரே உள்ளே வந்த காலமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதிய ஆழிப்பேரலைக்குப்பின் கரையோர வயல்களில் உப்புப் படிந்தது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்றுதலே அதற்குரிய பரிகாரமாயிற்று. வடிகால் இல்லாத வயலில் மழை உப்பைக் கழுவாது. மீண்டும் அங்கேயே படியச் செய்யும்.

மழை பொய்த்த ஆண்டும் மழை மீறிய தையும்

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாடு பெற்ற மழை சுமார் 17 சென்டிமீட்டர். சராசரியோ 44 சென்டிமீட்டர். ஆறும் தாமதித்து வானும் பொய்க்கவே, நேரடி விதைப்புச் செய்த சம்பா முளைத்த நிலையிலும் தூர்கட்டும் நிலையிலும் கருகியது. 2017 ஜனவரி 10ஆம் தேதி ஜில்லாக்கள் அனைத்தும் வறட்சியுற்றவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டில் ஊர்க்குளங்களில் கார்காலத்து நீரைத் தேக்கி வைத்திருந்தால் ஒன்றிரண்டு உயிர்த்தண்ணீராவது கொடுத்திருக்கலாம் என்பது படிப்பினை.

கார்த்திகைக்குப்பின் மழையில்லை என்பது பழமொழி. ஆயின் 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுவடைக்கு நின்ற சம்பாவின்மேல் கனமழை பெய்தது. எனவே தை மாதத்திலும் வடிகாலைத் திறந்தே வைத்திருத்தலும், முற்றிய பயிரை ஒருநாளும் தாமதியாது அறுத்தலும், களத்தில் தார்ப்பாய் ஆயத்தமாக வைத்திருத்தலும் அவசியம். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் நூற்றுக்கு 17 பங்குக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. நனைந்த நெல்லின் நஷ்டம் வயலோடு நிற்பதில்லை.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கவை

மழை பெய்த நாளும் அளவும் காலை 8.30 மணிக் கணக்குப்படி கிராமத்திலும் குறித்து வைக்கப்படுமாயின், ஐந்தாறு ஆண்டுகளில் அவ்வூருக்கே உரிய பருவக்கணக்கு கிடைத்துவிடும். புரட்டாசி பிறக்குமுன் அடைபட்ட வடிகால்களின் பட்டியலைத் தயாரித்து மேலிடத்திற்கு அனுப்புதல் வேண்டும்; ஐப்பசியில் அனுப்பிய பட்டியலால் பயனில்லை. அடங்கலில் பயிரின் பெயரை மட்டுமன்றி விதைத்த நாளையும் ரகத்தையும் உடனுக்குடன் பதிவுசெய்தால், சம்பாப் பயிர்க் காப்பீட்டிற்கு வழக்கமான கடைசி நாளாகிய நவம்பர் 15ஆம் தேதிக்குள் குடியானவர் சான்றிதழுக்காக அலைய நேராது. நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் சேதமுற்ற வயலுக்கே அரசாங்க நிவாரணம் உரியதாகையால், நீர் வடிவதற்குள் நேரிற் பார்வையிட்டுக் கணக்கெடுத்தல் கடமையாகும்.

முடிவு

பருவத்தை மாற்றுதல் எவராலும் ஆகாது; பருவத்தோடு பயிரைப் பொருத்துதல் ஒவ்வொருவராலும் ஆகும். ஆடி முடிவுக்குள் நீர் வந்தால் நீண்ட வயது ரகம். ஆவணி கடந்தால் நடுத்தர வயது ரகம். எவ்வாண்டாயினும் புரட்டாசிக்குள் சுத்தமான வடிகால். இம்மூன்றையும் ஓர் ஊரார் ஒன்றுகூடிக் கடைப்பிடித்தால், வெள்ளமும் வறட்சியும் வந்த ஆண்டிலும் அவ்வூர்க் களம் வெறுமையாக இராது.